பக்கத்து வீட்டு இருமல்

ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் தேக்காவில், ஒரு சந்துக்குள் எங்களுக்கு மிளகாய், மல்லி அரைக்கும் மில் இருந்தது. கீழே மில், மேலே வீடு. பக்கத்து வீட்டில் ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் நான்கு வயது மகளோடு குடியிருந்தார்கள். மிளகாய் அரைத்தால் தூசி நேராக அவர்கள் ஜன்னலுக்குத்தான் போகும்.

ஒருநாள் தையற்காரர் மனைவி மில்லுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, புள்ள இருமி இருமித் துவண்டு போச்சு. அந்தப் பக்கம் ஒரு தடுப்பாவது வைங்களேன்."

என் கணவர் சிரித்தார். "மொளகாத் தூள்தானே, வெஷமா? போகப் போகப் பழகிடும் லா."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, உங்க பையன் எங்க? கொஞ்ச நாளா காணோமே?"

"கேலாங்ல, நாத்தனார் வீட்டுல இருக்கான்."

"எதுக்குக்கா?"

"அங்க பள்ளிக்கூடம் பக்கம்" என்றேன்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. அது அவளுக்கும் தெரியும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். மில் தூசி அவனுக்கு ஆகவில்லை என்றுதான் நாங்கள் அங்கே அனுப்பியிருந்தோம். அன்று முழுக்க அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே எனக்குக் கூசியது.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போய் மகனைக் கூட்டிவந்தேன்.

"பைத்தியமா உனக்கு? எதுக்கு இங்க கொண்டாந்த?" என்று கத்தினார் கணவர்.

"பழகிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் கீழே இறங்கிப் போனார். வீம்புக்கு மில்லை ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் மாடியில் பையன் இரும ஆரம்பித்தான். கண் சிவந்து, மூச்சு வாங்கி, என் தோளிலேயே வாந்தி எடுத்தான். செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனோ என்று பயந்து அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். உள்ளே மில் நின்றது.

அந்த வாரமே தச்சர் வந்தார். இயந்திரத்தைச் சுற்றிப் பலகை அடைத்து, கூரைக்கு மேலே தகரக் குழாய் வைத்தார்.

நோன்புப் பெருநாளன்று அந்தப் பெண் ஒரு சட்டி நிறைய பிரியாணி கொண்டுவந்தாள்.

"அண்ணனுக்குப் பெரிய மனசுக்கா. எங்க புள்ள இப்ப நல்லாத் தூங்குது."

"அக்கம்பக்கம்னா அப்படித்தான் லா" என்றார் அவர், வாசலில் நின்றபடி.

யார் பிள்ளையின் இருமலுக்கு மில் நின்றது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அவளிடம் சொல்லவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.