காணாமல் போன பிள்ளைகளுக்காக ஹட்டன் வரை

நடைபயணம் கொழும்பு வரை என்றுதான் எங்கள் தோட்டத் தொழிற்சங்கத்தின் முதல் கூட்டத்தில் முடிவானது. வீட்டு வேலைக்கென்று தேயிலைத் தோட்டங்களிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டு, பிறகு பேச்சுமூச்சே இல்லாமல் போன பெண் பிள்ளைகளுக்கும், சவப்பெட்டியில் திரும்பி வந்தவர்களுக்கும் நியாயம் கேட்டு மஸ்கெலியாவிலிருந்து தலைநகருக்கு நடப்பது. பலத்த கைதட்டல். இரண்டாவது கூட்டத்தில் அது கண்டி வரை என்றானது. தலைவருக்கு முழங்கால் வலி. மூன்றாவது கூட்டத்தில் ஹட்டன்.

"ஹட்டனும் தூரந்தானுங்களே" என்றார் செயலாளர். யாரும் மறுக்கவில்லை.

போர் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தன. எதற்காகவாவது கொடி பிடித்து நடக்க எல்லோருக்கும் ஆசை வந்திருந்தது. நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் படித்த என் மகளும் நடக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அட்டைக்கடிக்கு உப்பு, சவர்க்காரம், மழைக்கோட்டு, மாற்றுக் காலுறை, தலைசுற்றினால் முகர்ந்து பார்க்கத் தோடம்பழம் எல்லாவற்றையும் பையில் அடைத்தேன்.

"கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையா போறீங்க?" என்றார் கணவர்.

காலையில் மஸ்கெலியா கடைவீதியில், ஊர்வலத்தில் தூக்கிப்போகும் பெரிய பதாகையைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். நடுவில் தலைவரின் படம், கும்பிட்டபடி. சுற்றிலும் தபால் முத்திரை அளவில் காணாமல் போன பிள்ளைகளின் முகங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று யாரோ பதாகையின் குறுக்கே ஒரு செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டு, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருந்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா விடுவிடுவென்று போய் அந்த மாலையைப் பிடுங்கினார். தோட்டத்தின் கீழ்க்கணக்கில் லயத்து வரிசை வீடொன்றில் இருப்பவர், தேயிலைக் கொழுந்தெடுப்பவர். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். ஏழாம் வகுப்போடு நின்று, கொழும்பில் ஒரு வீட்டுக்குப் போனாள். முதல் தீபாவளிக்கு வந்தாள். அடுத்த தீபாவளிக்கு வரவில்லை. தேடிப் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"படத்துக்கு மாலை போட்டு பத்தி கொளுத்துறீங்களே, எம் புள்ள செத்துப்போச்சுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"மரியாதைக்குத்தான் போட்டோம், அக்கா" என்றார் செயலாளர்.

"ஒங்க மரியாதைய ஒங்க வீட்டுப் படத்துக்குப் போடுங்க!"

அம்மா கையில் திணித்த மாலையோடு செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அதை வீணாக்காமல் தலைவரின் கழுத்தில் போட்டார். தலைவர் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

பத்திரிகைக்காரர் படம் எடுத்து முடிக்கும்வரை தலைவர் நடந்தார். அதன்பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டார். வெள்ளைச் சீருடை படத்தில் எடுப்பாக விழும் என்று பாடசாலைப் பிள்ளைகளை முன்னால் விட்டார்கள். தாய்மாருக்குக் கடைசி வரிசை. அப்படித்தான் என் மகள் பதாகைக்குப் பின்னாலும் நான் ஊர்வலத்தின் வாலிலும் நடக்க நேர்ந்தது. மாலையைப் பிடுங்கிய அம்மா என் பக்கத்தில் நடந்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

"முன்னாடிதான் போகுது டீச்சர். கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்றார்.

நோர்வூட்டில் தேநீருக்கு நின்றார்கள். முன்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். பதாகை இருந்தது, மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள், என் மகள் இல்லை.

"கால்ல கொப்புளம் வந்திருச்சு டீச்சர். வேன்ல ஏத்தி விட்டுட்டாங்க" என்றாள் ஒருத்தி.

"என்ன வேன்?"

செயலாளர் சிரித்தார். "பயப்படாதீங்க டீச்சர், நம்ம கொழும்பு அண்ணன் வேன்தான். முடியாதவங்கள ஏத்திக்கிறதுக்கு சும்மாவே குடுத்திருக்காரு."

கொழும்பு அண்ணனைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. பண்டிகைக்குப் பண்டிகை லயங்களுக்கு வந்து, பிஸ்கட் கொடுத்து, பெண் பிள்ளைகளுக்குக் கொழும்பில் "நல்ல வீடு" பேசி முடிப்பவர். எங்கள் வழக்கம் அது: ஒரு காரியத்துக்கு வாகனம் கொடுப்பவர் பெரிய மனிதர். அவருக்குப் பொன்னாடை உண்டு, கேள்வி கிடையாது.

பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னார். "எம் புள்ளையும் அந்த வேன்லதான் போச்சு."

அவர்தான் ஒரு ஆட்டோவை மறித்து என்னைத் தள்ளி ஏற்றித் தானும் ஏறினார். அதற்குள் ஊர்வலம் புறப்பட்டு, பாதையை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போனது. தப்பு அடித்தார்கள், கோஷம் போட்டார்கள். ஆட்டோவால் முந்த முடியவில்லை. பாதையில் நின்ற பொலிஸ்காரரிடம் என் மகளைக் காணவில்லை, வழி விடுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் பதாகையைக் காட்டினார். அதற்காகத்தானே இவர்களும் போகிறார்கள், பின்னாலேயே வாருங்கள் என்றார்.

கடைசியில் ஆட்டோக்காரர் ஒரு தோட்டப் பாதையில் திருப்பிக் குலுக்கிக் குலுக்கி எங்களை ஹட்டனில் சேர்த்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மேடை. மேடைக்குப் பக்கத்தில் வேன். முன் சீட்டில் என் மகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பனிஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, நடந்து வரலையா?" என்றாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினேன்.

ஊர்வலம் வந்து சேர்ந்ததும் தலைவர் கொழும்பு அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த அம்மா மேடைப் படியில் ஏறினார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"எம் புள்ள எந்த வீட்ல இருக்கு? சொல்லு."

கொழும்பு அண்ணன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா. கண்டுபிடிக்காம விட மாட்டேன்."

கூட்டம் கைதட்டியது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, அடுத்ததாக நடனம் என்றார்.

திரும்பிப் போக ஏற்பாடு செய்த பஸ்ஸில் நாங்கள் ஏறவில்லை. மூன்று பேரும் சாதாரண பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தோம். நான் மகளின் கையை விடவில்லை. நோர்வூட் தாண்டிய பிறகுதான் அவளிடம் கேட்க முடிந்தது, வேனில் கொழும்பு அண்ணன் என்ன பேசினார் என்று.

"ஒண்ணுமில்லம்மா. வயசு கேட்டாரு. சமைக்க, தொவைக்கத் தெரியுமான்னு கேட்டாரு. கொழும்பு பாக்க ஆசையான்னாரு. பொறகு யாரு புள்ளன்னு கேட்டாரு. டீச்சர் புள்ளன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. பனிஸ் வாங்கிக் குடுத்தாரு."

அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

"எம் புள்ளகிட்டயும் யாரு புள்ளன்னு கேட்டிருப்பான்ல, டீச்சர்?"

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள் நான். மஸ்கெலியாவில் இறங்கும்வரை மடியிலிருந்த பையில் உப்பையும் சவர்க்காரத்தையும் ஒற்றைக் கையால் அடுக்கிக்கொண்டிருந்தேன்.