சாகுல் வரைந்து தந்த தவளை

போன மாதம் ஷார்ஜாவில் சாகுல் இறந்துபோனான். அங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற வேலை அவனுக்கு. மாரடைப்பு. எங்கள் பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதல் அரை மணி நேரம் கும்பிடுகிற கைகளும் அழுகிற முகங்களுமாக வந்துகொண்டிருந்தன. பிறகு, இப்போது அருமனையில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற ஒருவன், ஒன்பதாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டிலிருந்து ஒரு தவளைப் படத்தைப் போட்டு, ‘சாகுல் வரைஞ்சு தந்தது’ என்று எழுதினான். கோட்டாற்றிலிருந்து இன்னொரு தவளை வந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து தவளைகள். நிலத்துப் பட்டாவைத் தொலைத்துவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலைகிற ஆட்கள், இந்த நோட்டை மட்டும் எப்படி முப்பத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

ஐந்தும் ஐந்து விதம். ஒன்று சோறு தண்ணி காணாதது போல் ஒல்லி. ஒன்றுக்குப் பல்வலி வந்த கன்னம். ஒரே ஆள் வரைந்தவை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். என்னிடமும் ஒரு தவளை இருக்கிறது. நான் அதைப் போடவில்லை. போட்டால் அதன் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

சாகுல் கோட்டாற்றுப் பையன். கையில் பென்சிலும் வாயில் பதிலும் எப்போதும் தயாராக இருக்கும். ஒருநாள் மதிய வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவனின் இமைகள்மேல், காகிதத்தில் இரண்டு திறந்த கண்களை வரைந்து, எச்சில் தொட்டு ஒட்டிவிட்டான். தமிழ் சார் அந்தக் கண்களைப் பார்த்து இரண்டு முறை கேள்வி கேட்டார். “அவன் யோசிச்சிட்டு இருக்கான் சார்” என்று சாகுல் எழுந்து சொன்னான். பக்கத்தில் வந்து பார்த்த சாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வருடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வரப்போவதாக அறிவியல் சார் அறிவித்தார். ஒவ்வொருவனும் ரெக்கார்டு நோட்டில் பத்துப் படம் தன் கையால் வரைந்து, பாகம் குறித்து வைத்திருக்க வேண்டும். யார் நோட்டில் அதிகாரி குறை சொல்கிறாரோ அவன் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை டூருக்கு வரவேண்டாம். இந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் சித்தப்பா மகன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஏற்கெனவே சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, அது கொட்டாவி விட்டதை வாரத்துக்கு ஒருமுறை என் முன்னால் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நானோ இதயம் வரைந்தால் அது கத்தரிக்காயாக வந்து நிற்கும்.

வகுப்பில் என்னைப் போன்ற எல்லாருமே சாகுலிடம் போனோம். கூலி தின்பண்டம். ரசவடை கொடுத்தவன் உண்டு, ஏத்தங்காய் வற்றல் கொடுத்தவன் உண்டு. நான் அம்மாவுக்குத் தெரியாமல் டின்னிலிருந்து எடுத்த முந்திரிக்கொத்தைக் கொண்டுபோனேன். சாகுல் ஒன்றைக் கடித்துக்கொண்டே, “ஒனக்க பழைய நோட்டு ஒண்ணு கொண்டா மக்கா” என்றான்.

“அது என்னத்துக்கு?”

“கொண்டாலே. படம் வரைஞ்சதா பாத்துக் கொண்டா.”

எல்லாரிடமும் அப்படி ஒரு பழைய நோட்டு வாங்கினான். எழுதாத தாளைக் கிழித்துக்கொள்ளத்தான் என்று நினைத்தேன்.

முதல் பெஞ்சில் மூன்று பேர். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவனும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும். அவர்கள் சாகுல் வரைந்து கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, புத்தகத்தில் அச்சடித்த மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பேக்கரி கேக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். “ஒங்க இஷ்டம்” என்று வேறு வரைந்து கொடுத்தான். அந்தத் தவளைகளைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும் என்று தோன்றும்.

என் ரெக்கார்டு நோட்டைத் திறந்தேன். தவளைக்கு ஒரு கண் நெற்றியில் இருந்தது. வலது கண் கழுத்துப் பக்கமாக இறங்கியிருந்தது. பின்னங்கால் ஒன்று மாவுக்கட்டுப் போட்டதுபோல் விறைத்து நின்றது.

“ஏலே, இது தவளையா?”

“தவளதான். நீ வரைஞ்ச தவள.”

“நான் எங்கலே வரைஞ்சேன்? நீதானே வரைஞ்ச.”

“அதத்தான் நானும் சொல்லுகேன்” என்று சிரித்தான்.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். கேக்குக்கு ஒரு தவளை, முந்திரிக்கொத்துக்கு ஒரு தவளை. “தீனியப் பாத்து வரையுத நாயி” என்று எல்லார் முன்னிலும் சொன்னேன். அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாகவே இருந்தது. அன்றோடு அவனிடம் டூ விட்டேன். ஒன்பதாம் வகுப்பில் டூ விடுவது கொஞ்சம் கௌரவக் குறைவுதான், ஆனாலும் விட்டேன்.

அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. முதல் ரேங்க்காரனின் நோட்டைப் பிரித்து, தவளையை வெகுநேரம் ரசித்தார். பிறகு சாக்பீஸை அவன் கையில் கொடுத்து, “இதையே போர்டுல வரைப்பா” என்றார். போர்டில் நான்கு கால் முளைத்த பூரி ஒன்று வந்தது. கூட்டாளிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பூரி சுட்டார்கள். அறிவியல் சாருக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

“யாரு வரைஞ்சு குடுத்தது?” என்று அதிகாரி கேட்டார்.

யாரும் கை காட்டுவதற்கு முன் சாகுல் எழுந்துவிட்டான். “நாந்தான் சார்.”

“உன் நோட்டு எங்க?”

கொடுத்தான். ஊருக்கெல்லாம் வரைந்ததில் அவனுக்கு வரைய நேரம் கிடைக்கவில்லை போலும், அத்தனையும் வெறும் பக்கம்.

“இன்னும் யார் யாருக்கு வரைஞ்ச?”

எனக்குச் சிங்கம் கண்ணுக்கு முன்னால் வாலை ஆட்டிவிட்டுப் போவது தெரிந்தது. சாகுல் தலையைச் சொறிந்தான்.

“நல்லா இருக்கதெல்லாம் நான் வரைஞ்சது சார். அசிங்கமா இருக்கது அவனவன் வரைஞ்சது.”

அதிகாரி கைக்கு எட்டிய நோட்டை எடுத்தார். அது என்னுடையது. பிரித்துப் பார்த்தவர் கொஞ்சம் பின்வாங்கினார். என்னை போர்டுக்கு அழைத்தார். வரைந்தேன். ஒரு கண் நெற்றிக்குப் போனது. வலது கண் என்ன இழுத்தும் நிற்காமல் கழுத்துக்கு இறங்கியது. பின்னங்காலை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. அதிகாரி நோட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடியும் நோட்டைப் பார்த்தார். பிறகு என் முதுகில் தட்டி, “பாருங்க, அழகு இல்ல. ஆனா சொந்த உழைப்பு” என்று வகுப்புக்குச் சொன்னார். வகுப்பு கை தட்டியது.

வேடிக்கை என்னவென்றால், மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதை நானே நம்பிவிட்டேன். வீட்டுக்குப் போய், அதிகாரி பாராட்டிய படம் என்று நோட்டை நீட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுகமில்லாத தவளையா மக்கா?” என்று கேட்டாள்.

முதல் பெஞ்சுக்காரர்களை ஐம்பது தவளை வரையச் சொல்லி சார் மன்னித்துவிட்டார். சாகுலுக்கு மட்டும் டூர் இல்லை. எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அதிகாரி முன்னால் என் தவளையை அசிங்கம் என்று சொல்லிவிட்டானே என்று அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

டூர் அன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. போகாதவன் வந்து நிற்பானா? சாகுல் வந்து நின்றான். ஜன்னல் ஜன்னலாகப் போய், சிங்கத்திடம் தான் கேட்டதாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொருவனையும் சிரிக்க வைத்தான். கடைசியாக என் ஜன்னலுக்கு வந்து, விளிம்பில் கையை வைத்து நின்றான்.

“இன்னும் பிணக்கமா மக்கா?”

நான் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முத பெஞ்சுக்காரனுவளுக்க தவள அரை மணிக்கூர்ல முடிஞ்சு. ஒனக்கதுக்கு எனக்கு மூணு நாளாச்சு தெரியுமா? அந்த வலது கண்ணு வரவே மாட்டேன்னுட்டு. ஒனக்க பழைய நோட்டப் பாத்துப் பாத்து அழிச்சேன்.”

அவன் சிரிக்கவில்லை. எனக்கோ, பஸ் முழுக்கக் கேட்கும்படி இன்னும் ஒருமுறை என்னைக் கேலி செய்கிறான் என்றே தோன்றியது. ஷட்டரை இழுத்து இறக்கினேன். கையை எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் கிளம்பியது. அவனிடம் மறுபடி பேசுவதா வேண்டாமா என்று மார்த்தாண்டம் வரை யோசித்தேன். களியக்காவிளை எல்லை தாண்டியதும், போனால் போகட்டும் என்று பெரிய மனது பண்ணி, அவனை மன்னித்துவிட்டேன்.