தபசு மரத்தில் தாண்டவராயன்

ஏரித் தண்ணீர்ச் சண்டையில் முகம் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்ட இரண்டு தெருக்களையும் பாரதக் கூத்தால் சேர்த்து வைக்கிறேன் என்று, 1958-இல் திருப்புலிவனத்தில் நாடக சபா தொடங்கினார் தாண்டவராயன். தலைவராயிற்றே, அர்ச்சுனன் வேஷத்தை இன்னொருவருக்கு விடுவாரா?

அர்ச்சுனன் தவத்துக்காக நட்ட பனைமரத்தில் பாடிக்கொண்டே ஏறினார். உச்சியிலிருந்து கூட்டத்துக்குப் பிரசாதமாக எலுமிச்சம்பழங்களை வீசினார். சிவனும் வந்து வரம் கொடுத்தாயிற்று. அர்ச்சுனன் மட்டும் இறங்கவில்லை.

"ரெண்டு தெருவும் ஒண்ணு சேந்தாத்தான் எறங்குவாராம்!" என்று யாரோ சொல்ல, கூட்டம் உருகிவிட்டது. கீழத்தெரு ஏணி எட்டவில்லை. மேலத்தெரு ஏணியை அதோடு சேர்த்துக் கட்டி, இரு தெருக்காரர்களும் தாங்கிப் பிடித்து அவரை இறக்கினார்கள். அன்றே ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

"எல்லாம் நான் போட்ட திட்டம்" என்றார் வீட்டுக்கு வந்து.

"அப்போ கால் இன்னும் இன்னாத்துக்கு நடுங்கிக்கினு கீது?" என்றாள் மனைவி கோவிந்தம்மாள்.