மாப்பிள்ளையின் எண்களும் என் அலமாரியும்

என் தங்கை வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்குகிறார். எட்டு மாடி, ஒரு ஸ்டூல், ஜன்னல் கிடையாது. ஸ்ட்ரெச்சர் வந்தால் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மனுஷன் அந்தப் பெட்டிக்குள் மேலே போகிறார், கீழே வருகிறார். அங்கே யாருக்கும் அவர் பெயர் தெரியாது, “லிப்ட்டு” என்றுதான் கூப்பிடுவார்கள். நானாக இருந்தால் இரண்டாம் நாளே சாவியை விட்டெறிந்திருப்பேன். இவர் வாயே திறக்க மாட்டார். எனக்கு அதுதான் எரிச்சல்.

வீடு ஒரே அறை. அதில் அவருடைய பழைய கம்ப்யூட்டர். அதை வைத்துப் பகா எண் தேடுகிறார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண் என்று பள்ளியில் படித்து மறந்தோமே, அதேதான். ஆனால் இவர்கள் தேடுவது கோடி இலக்கத்துக்கு மேல் நீளமுள்ளவை. எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இன்டர்நெட்டில் குழுவாகச் சேர்ந்து, ஆளுக்கொரு எண்ணை வாங்கி, வீட்டுக் கம்ப்யூட்டரை ஓயாமல் ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள்.

“கிடைச்சா என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?”

“ஒண்ணும் பண்ண முடியாது மச்சான். ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும்ல?”

நல்ல பதில்! தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஒவ்வொரு எண்ணையும் முன்பின் தெரியாத இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிப்பார்கள். கடைசியில் வரும் மீதி இருவருக்கும் ஒன்றாக இருந்தால்தான் முடிவு செல்லும். இவர் கம்ப்யூட்டர் கிழம் என்பதால், அடுத்தவர் முடித்ததைச் சரிபார்க்கும் இரண்டாம் சோதனைதான் கொடுப்பார்கள். ஒரு எண்ணுக்கு நாற்பது நாள். எட்டு வருடத்தில் எழுபத்தோரு எண்கள், ஒன்றில்கூட இவர் பக்கம் தப்பு வந்ததில்லை. வேலையில் ஒருத்தரும் சபாஷ் சொல்லாத மனுஷனுக்கு அந்தப் பட்டியல்தான் மரியாதை. ‘நீங்க சரின்னா சரிதான்’ என்று குழுவில் யாரோ எழுதியதை எனக்கு மூன்று தரம் படித்துக் காட்டியிருக்கிறார்.

ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல் தங்கைக்கு ஆகாது. போனில் புகார் கேட்டுப் பதில் சொல்வது அவள் வேலை.

“நாள் பூரா காதுக்குள்ள யாராவது கத்துறாங்கண்ணா. வீட்டுக்கு வந்தா இது கத்துது. நான் எங்க போவேன்?” என்று அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. அவரும் பாவம், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழித்தார்.

நான் தச்சன். சும்மா இருந்திருக்கலாம். “ஒரு அலமாரி செஞ்சு அதுக்குள்ள வெச்சா போச்சு” என்று நடுவில் புகுந்தேன். கனமான பலகை, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, மூடினால் எறும்பு நுழையாது.

“காத்து வேணுமே மச்சான்” என்றார்.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றேன். வெளியே வைத்த திரைக்கு வயர் போகப் பின்னால் ஒரு துளை போட்டேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் அவ்வளவுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சூட்டில் கம்ப்யூட்டர் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நிற்காமல், உள்ளே வெந்துகொண்டே தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது. முதல் எண்ணின் மீதி ஒத்துப்போகவில்லை. அப்படியானால் மூன்றாவது ஒருவர் சோதித்து யார் தப்பு என்று சொல்ல வேண்டும். “முதல்ல பண்ணவர் மிஷின்ல ஏதோ கோளாறு” என்றார் இவர், அசராமல். அடுத்ததும் ஒத்துப்போகவில்லை. ஐந்தரை மாதத்தில் நான்கு எண்கள் அப்படி. பிறகு தீர்ப்பு வந்தது. நான்கிலும் தப்பு இவருடையது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு என் பட்டறைக்கு வந்தார். கையில் அந்தப் பட்டியல்.

“அலமாரிக்குக் கதவு மாட்டினது எந்தத் தேதி மச்சான்?”

சொன்னேன். பட்டியலில் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே எழுபத்தொன்றும் சரி. கீழே நான்கும் தப்பு.

“நாலு வார்த்தை திட்டுங்க மாப்பிள்ளை.”

“உங்களை என்ன சொல்றது? தப்பு வருதுன்னு திரையிலயே எச்சரிக்கை காட்டுச்சு. கதவைத் திறந்தா அவளுக்குத் தலைவலி வந்துடுமேன்னு நான்தான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

“இன்னைக்கே நாலு துளை போட்டுத் தரேன்.”

“காத்து போற வழியில சத்தமும் வருமே.”

அதுவும் சரிதான். வேறு அறை கிடையாது. என் பட்டறையில் வைத்தால் மரத்தூள் இரண்டு நாளில் தின்றுவிடும். “லிப்ட்டுல வெச்சுக்கவா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நிறுத்திட்டேன் மச்சான். கையில இருந்த எண்ணையும் திருப்பிக் குடுத்துட்டேன். அவகிட்ட மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா தன்னாலதான்னு அழுவா” என்றார்.

ஒரு வாரம் கழித்து அங்கே போனேன். தங்கை முகத்தில் அப்படியொரு தெளிவு.

“உன் கைவேலையே வேலைண்ணா! முன்னாடி லேசா ஒரு முனகல் இருந்துட்டே இருக்கும். இந்த ஒரு வாரமா அதுவும் இல்ல. காதை வெச்சுப் பாரேன்!” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கதவில் காதை வைத்தேன். பலகை சில்லென்றிருந்தது. வேலைக்குக் கிளம்பிய மாப்பிள்ளை, சட்டைப் பொத்தானில் கையை வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா, இப்பதான் கதவு நல்லா படிஞ்சிருக்கு” என்றேன்.