பினாங்கில் பாடிய நாவிதர்

பினாங்கில் மலிவாக முடிவெட்டிக்கொள்ள எங்களுக்கு மரத்தடிச் சீன நாவிதர்தான் கதி. கடற்காற்று ஒருபக்கம் தலையைக் கலைக்கும், அவர் பாடிக்கொண்டே கத்தரிப்பார்.

அன்று என் அறைத்தோழனான துடியலூர்க்காரனுக்குக் கல்யாணம். சவரத்துக்கு அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்; முகமெல்லாம் சோப்பு நுரை, கண்ணெல்லாம் கவலை. எங்கள் கொங்கு வழக்கப்படி நாவிதர் நின்று வாழ்த்துப் பாடினால்தான் கல்யாணம் நிறைவாகும். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து குடியேறிய பெண்ணின் தகப்பனார், "நாவிதர் பாடாட்டி எம்பொண்ண அனுப்பமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டார். பாடத் தெரிந்தவர்களோ கடலுக்கு அந்தப்பக்கம்.

"ஏனுங்க, இவரையே கூட்டீட்டுப் போயிரலாமுங்களா?" என்றான் மாப்பிள்ளை.

"அவருக்குத் தமிழ் தெரியாதே, கண்ணு."

"பாட்டுத் தெரியுதுங்கல்ல?"

சைகையிலேயே கெஞ்சி அழைத்துப் போனோம். பந்தலில் மணமக்கள் பக்கத்தில் நின்று, சீனத்தில், கணீரென்று, இழுத்து இழுத்துப் பாடினார். எல்லாரும் மாமனார் முகத்தையே பார்த்தோம். அவர் கைகூப்பியபடி கடைசிவரை கேட்டார்.

"எங்கூர்ல பாடறவரு நடுவுல நாலு வரிய முழுங்கிப்போடுவாருங்க. இவரு ஒண்ணையும் உடல. பொண்ணக் கூட்டீட்டுப் போங்க, மாப்ள!"