எட்டு நாள் எடை

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்தேன். நான் பெற்றது மூன்று, என் தங்கை போய்ச் சேர்ந்தபோது விட்டுப்போனது இரண்டு. ஐந்து பேருக்கும் சோறு போட்டது கருவாடு. தாம்பரம் மார்க்கெட்டில் நாற்பத்துநாலு வருஷமாக விற்கிறேன். கடை என்றால் ஒரு பலகை, மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். நெத்திலி, சென்னாக்கூனி, வாளை, பண்டிகை முடிந்த மறுவாரம் கொஞ்சம் வஞ்சிரம்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. என் பெயரைப் போடுவேன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அதனால் நம்பரைப் பார்த்து ஏறுவேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகளின் பெண்தான் எழுதுகிறாள். ஆனால் எடை எனக்குத் தெரியும். கால் கிலோ நெத்திலி கேட்டால் ஒரே அள்ளு, கால் கிலோதான் இருக்கும். கூடினால் நாலு மீன் கூடும், குறைந்தால் நாலு மீன் குறையும். எத்தனையோ பேர் பந்தயம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்குப் பெருமைப்பட வேறு படிப்பு எதுவும் இல்லை.

போன ஐப்பசியில் என் எடை மெஷின் செத்துப்போனது. கருவாட்டு உப்பு எதையும் தின்றுவிடும். மெஷினை ஆறு வருஷம் விட்டுவைத்ததே பெரிது. புதிதாக வாங்கலாம் என்று நான் தராசுக் கடைக்குக் கிளம்பியபோது மூத்த மகள் தடுத்தாள். போனிலேயே வரவழைக்கிறேன், அதே கம்பெனி, அதே மாடல், முத்திரை போட்டே அனுப்புகிறார்கள், விலையும் பாதிதான் என்றாள். படப்பைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். தன் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பொருள் வாங்கித் தர ஆசை. நான் சரி என்றேன்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. பழைய மெஷினில் இருந்த அதே சிவப்பு எழுத்து, அதே தட்டு. பக்கவாட்டில் முத்திரை ஒட்டியிருந்தது. தராசுக்கு வருஷா வருஷம் சர்க்கார் முத்திரை போட வேண்டும், அது சட்டம். ஆபீசர் பார்த்து, கம்பி கோத்து, ஈயக் குண்டில் அடித்துக் கொடுப்பார். இதில் கம்பியும் இல்லை, குண்டும் இல்லை, வெறும் காகிதம். மகளிடம் கேட்டேன். இப்பல்லாம் ஸ்டிக்கர்தான்மா என்றாள். நானும் நம்பி, அந்தப் புதன்கிழமை காலையில் பலகைமேல் வைத்தேன். அது என் தப்பு. வேறு யார் மேலும் போட மாட்டேன்.

முதல் நாளே மெஷின் என் கையோடு ஒத்துப்போகவில்லை. கால் கிலோ என்று அள்ளிப் போட்டால் இருநூற்றெழுபது காட்டியது. அரைக் கிலோ போட்டால் ஐநூற்று நாற்பது. ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் எடுத்துவிட்டேன். கூடையில் எப்போதும் தீரும் நேரத்துக்குச் சரக்கு தீரவில்லை, சாயங்காலம் மிச்சம் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மழை. மழையில் கருவாடு ஈரத்தை இழுத்துக்கொண்டு கனத்துவிடும். தொழிலில் உள்ளவர்களுக்கு இது தெரியும். ஈரம்தான் எடை காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் தெரியாத ஒருத்தி அந்தத் தராசு முன்னால் உட்கார்ந்திருந்தால் இரண்டு நாளில் சந்தேகப்பட்டிருப்பாள். எனக்குத் தொழில் தெரிந்ததால் எட்டு நாள் ஏமாந்தேன்.

எட்டாம் நாள், அடுத்த புதன்கிழமை, மெஸ்காரம்மா வந்தார். காட்டாங்குளத்தூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். பதினோரு வருஷமாக வாரா வாரம் என்னிடம்தான் இரண்டு கிலோ வாங்குகிறார். வழக்கம்போல் வாங்கினார், போனார். ஒரு மணி நேரம் கழித்துப் பையோடு திரும்பி வந்தார். நேராக என் முன்னால் நிற்காமல் பலகைக்குப் பின்பக்கம் வந்து, என் காதருகே குனிந்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. மெஷின்ல இன்னாவோ கோளாறு கீது. ரெண்டு கிலோவுல நூத்தம்பது கொறையுது."

"எப்ப பாத்தே?"

"இப்ப ஸ்டேசனாண்ட தெரிஞ்ச கடையில போட்டுப் பாத்தேன். போன வாரமும் வூட்ல போட்டேன், கொறஞ்சுது. உலந்துபோச்சுன்னு உட்டுட்டேன். அப்பறம்தான் யோசிச்சேன், இந்த மழைல எப்பிடிக்கா உலரும்?"

பக்கத்துக் கடைக்குக் கேட்காதபடி சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், அதில் பாதி ஆறிப்போயிருக்கும். அவர் என் மானத்தை மறைத்துப் பேசியது என்னைக் கீறியது. நாற்பத்துநாலு வருஷத்தில் என் கடையில் எடை குறைந்தது என்று ஒருவர் சொன்னதில்லை. புருஷன் இல்லாமல் ஐந்து பேரை இழுத்துக்கொண்டு வந்த நாட்களில்கூட ஒரு மீன் குறைத்துப் போட்டதில்லை. என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான்.

மளிகைக் கடையிலிருந்து உப்புப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். முத்திரையிட்ட ஒரு கிலோ. தட்டில் வைத்தேன். ஆயிரத்து எண்பது காட்டியது. இன்னொரு கம்பெனி உப்பு வைத்தேன், ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் வைத்தேன். அதே ஆயிரத்து எண்பது. மெஸ்காரம்மாவுக்குக் குறைந்ததோடு இன்னொரு கை சேர்த்துப் போட்டேன். தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பக்கத்தில் பூண்டு விற்கிறவர் சும்மா இருப்பாரா?

"இன்னாக்கா, பட்டப்பகல்ல மெஷினத் தூக்கிகினு ஓடுற? பொண்ணு பாக்கவா?"

நான் நடையை எட்டிப் போட்டேன். அவருக்கு அப்புறம் விஷயம் தெரிந்துவிட்டது. மார்க்கெட்டில் எது தெரியாமல் இருக்கும்?

வீட்டில் பேத்தி பழைய மெஷினையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தின் வளைவு வேறாக இருந்தது. முத்திரை ஸ்டிக்கர், யாரோ ஒரு முத்திரையைப் போட்டோ பிடித்து அச்சடித்தது. எல்லாமே போலி. போனில் விற்றவனுக்கு எழுதினாள். உங்கள் உப்புப் பாக்கெட்டில் எடை தப்பாக இருக்கும் என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு உப்புக் கம்பெனியும் ஒரு சர்க்கரைக் கம்பெனியும் கூடிப் பேசிக்கொண்டா என்னை ஏமாற்றுவார்கள்? மூன்று பாக்கெட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பேத்தி வீடியோ எடுத்தாள். என் முகம் தெரிய வேண்டும் என்றேன். பேசுகிறவர் யார் என்று தெரியட்டும்.

ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் பாதிப் பணம் தருகிறோம், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்றான். பேத்தி விடவில்லை. அதற்கு மறுநாள் முழுப் பணமும் தருகிறோம், ஆள் வந்து மெஷினை எடுத்துப் போவான் என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மகளுக்கு ரொம்ப. தன்னால்தான் எனக்குப் பேர் கெட்டது என்று அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போது நான் கேட்டேன், எடுத்துப் போய் அதை என்ன செய்வார்கள் என்று.

"தொடச்சு, வேற பெட்டில போட்டு, வேற யாருக்காவது அனுப்புவாங்க ஆயா. வேற இன்னா பண்ணுவாங்க?" என்றாள் பேத்தி.

அவள் சும்மாதான் சொன்னாள். எனக்கு அந்த வேறு யாரோ கண்முன்னால் வந்து நின்றாள். கீழ்க்கட்டளையிலோ எங்கேயோ தக்காளி விற்கிற ஒருத்தி. அவளிடம் காதோடு சொல்ல ஒரு மெஸ்காரம்மா இருப்பாளா, இல்லை ரோட்டில் நிற்கவைத்துக் கேட்பார்களா? ஆள் வந்தால் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மகளுக்குக் கோபம். ஊருக்கெல்லாம் நீயா காவல் என்று கேட்டாள். என் கையில் வந்து மாட்டிய வரைக்கும் நான்தான் என்றேன்.

மறுநாள் காலையில் பூண்டுக்காரர் வீட்டு வாசலுக்கே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அக்கா, நீ திருப்பி அனுப்பலன்னு கேள்விப்பட்டேன். வூட்ல சும்மாத்தான கீது? எனக்குக் குடு."

"உனக்கு எதுக்கு?"

"வூட்டு ஒபயோகத்துக்குதான்."

"உன் வூட்ல இன்னாய்யா எட போடப் போற, உன் பொண்டாட்டியையா?"

அவர் சிரித்தார். ஆனால் நகரவில்லை. நல்ல மெஷினுக்கு ஆகும் விலையையே தருகிறேன் என்றார். அப்போதுதான் புரிந்தது, அது கெட்டுப்போன மெஷின் இல்லை. அப்படிக் காட்டுவதற்கென்றே செய்த மெஷின், அதை வாங்கவும் ஆள் இருக்கிறது. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தார், போனார்.

அன்றைக்கே பேத்தியை அழைத்துக்கொண்டு முத்திரை ஆபீசுக்குப் போனேன். பஸ்ஸில் அவள் என்னைத் தடுத்துப் பார்த்தாள். முத்திரை இல்லாத தராசில் எட்டு நாள் விற்றேன் என்று சொன்னால் முதல் கேஸ் உன் மேல்தான் ஆயா, ரோட்டில் கிடைத்தது என்று வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆபீஸ், கையெழுத்து, இங்கிலீஷ் என்றால் இந்த வயதிலும் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

ஆபீசர் சின்ன வயசுக்காரர். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார், அப்படியே உரிந்து வந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், எட்டு நாளையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத தானா கொண்டுவந்து குடுக்கறவங்கள நான் பாத்ததில்லம்மா. ஆனா சட்டப்படி உங்க மேலயும் எழுதணும்."

"எழுதுங்க சார். வித்தது நான்தான."

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல். அபராதம் கட்டினேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள். விற்றவன் மேலும் புகார் எழுதிக்கொண்டார். அவன் போனில் அந்தக் கடையை மூடிவிட்டு வேறு பெயரில் திறந்துவிட்டான் என்று பேத்தி பிறகு காட்டினாள். அவனை நான் ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு மெஷின் மட்டும் இனி எந்தப் பலகைமேலும் ஏறாது. வருஷா வருஷம் முத்திரை போட்டு வாங்கிய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறேன். அபராத ரசீதையும் அதே கவரில், மேலாக வைத்தேன். மகளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கவரில் உள்ளதிலேயே அதுதான் பெரிய சீட்டு.

தராசுக் கடையில் ஒரு மெஷின் வாங்கி, கம்பியும் குண்டும் போட்டுக்கொண்டு கடையைத் திறந்தேன். அந்த எட்டு நாளில் வாங்கியவர்களை ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவந்தேன். யார், எது, எத்தனை என்று எழுதி வைக்கத் தெரியாதவளுக்கு மறதி இருக்க முடியாது. வாடிக்கைக்காரர்கள் முப்பத்தொரு பேர். வரவர ஒவ்வொருவருக்கும் விஷயத்தைச் சொல்லிக் குறைந்ததைப் போட்டேன். சிலர் வேண்டாம் என்றார்கள், பையைப் பிடுங்கி அதில் போட்டேன். ஒருத்தி மட்டும் அப்படியா சேதி என்று முறைத்துவிட்டுப் போனாள். இன்னும் வரவில்லை. அவள் வராதது நியாயம்தான்.

ரயில் பிடிக்கிற அவசரத்தில் வாங்கிப் போனவர்களை என்ன செய்வது? மழை வாரத்தில் என்னிடம் வாங்கியவர்கள் வந்து குறைந்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேத்தியிடம் அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லித் தார்ப்பாயில் கட்டினேன். வாங்காதவர்களும் வந்து கேட்பார்கள் என்றார் பூண்டுக்காரர். வந்தார்கள், இரண்டு பேர். எனக்குத் தெரிந்தது. கொடுத்தேன். உண்மையாக வாங்கிய ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுவேனோ என்ற பயத்துக்கு அந்த இரண்டு கை நெத்திலி பெரிதில்லை.

மெஸ்காரம்மா அடுத்த புதன்கிழமையும் வந்தார். எடை போட்டு முடித்ததும், வூட்ல வெச்சிருந்த தராசத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்கா, உன்கிட்ட வாங்கி எதுக்கு எட பாக்கணும் என்றார். நல்ல மனசில் சொன்னார்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எறக்கி வையி. வாரா வாரம் போட்டுப் பாரு. பாத்துட்டு வந்து இங்க நின்னு சத்தமா சொல்லு."

இப்போது அப்படித்தான் செய்கிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் பலகைக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, போன வாரத்து எடை சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார். பூண்டுக்காரர் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இவ்வளவுதான் சொல்ல இருந்தது. அந்த ஐப்பசி மழையில் என்னிடம் வாங்கி, குறைந்ததை இன்னும் வாங்கிக்கொள்ளாதவர் யாராவது இதைப் படித்தால் வாருங்கள். பேத்தி பேனாவை மூடப் பார்க்கிறாள். அபராதம் கட்டியதை விட்டுவிடலாமா என்று நடுவில் ஒரு தடவை கேட்டாள், அதனால் எனக்கு ஒரு சந்தேகம். இரு கண்ணு, எழுந்திருக்காதே. முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படி, நான் கேட்கிறேன்.