சீதை மடுவின் தண்ணீர்

புளித்துப்போன கோப்பித் தோலின் வாடை மூக்கில் ஏறிவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. ஹேவாஹெட்ட மலைத் தோட்டத்தில் எங்கள் கூலிக் குடியிருப்பான லயத்தை ஒட்டி ஓடிய சின்ன ஆறு, பழம் பறிக்கும் மாதங்களில் பழுப்பேறி, நுரை கட்டி, கள்ளுப்பானையைக் கவிழ்த்ததுபோல் நாறிக்கொண்டு போகும்.

அந்த ஆற்றுக்கு இருந்த பெருமையோ கொஞ்சநஞ்சமல்ல. உச்சியில் அது ஊறும் பாறையிடுக்கில், படைக்குத் தப்பி ஓடிய கண்டி ராசா ஒருவர் ராணியின் நகைகளை ஒளித்துவைத்தார் என்று கீழே வயல் செய்த சிங்களவர்கள் சொல்வார்கள். லயத்தருகே அது விழுந்து தேங்கும் மடுவில், சிறையிருந்த சீதை குளித்தாள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதனால் அது "சீதை மடு". அதற்கும் கீழே ஆறு வயல்களில் பாய்ந்து மகாவலியில் கலக்கும். ராசாவின் பாறைக்கும் சீதையின் மடுவுக்கும் நடுவே இருந்த இரண்டு இடங்களைப் பற்றித்தான் யாரும் கதை சொன்னதில்லை. ஒன்று, மூங்கில் தூம்பு வைத்துத் துரை பங்களாவுக்குத் தண்ணீர் இழுத்த இடம். அதற்குக் கீழே, பழத்தை உரித்துக் கொட்டையைக் கழுவும் "ஸ்டோரு". அதன் கழிவெல்லாம் ஆற்றில்தான். துரை மேலே குடித்தார், நாங்கள் கீழே குடித்தோம்.

வெற்றிலை விற்க வரும் புஞ்சிராளை என்ற சிங்களவர் ஒருமுறை எங்கள் வாசலில் கூடையை இறக்கி, "இந்த வதுர எங்க எருமை குடிக்குது இல்லை, நீங்க எப்படிக் குடிக்கிறது?" என்று கேட்டார். அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "எருமைக்கு என்னா தெரியும்? சீதையம்மா குளிச்ச தண்ணிங்க. இதுல எந்த அழுக்கும் ஒட்டாது" என்றாள். லயமே அப்படித்தான் நம்பியது. நோய் கண்டால் வீட்டு ஆள் ஒருவர் மடுவில் மூழ்கி, ஈரத்துணியோடு ஒரு செம்பு மொண்டுவந்து, வேறெதுவும் கொடுக்காமல் அதையே தீர்த்தமாகப் புகட்டுவது வழக்கம்.

பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு சமயம் அம்மாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. புஞ்சிராளையின் கேள்வி அப்பாவை உறுத்தியிருக்க வேண்டும். குடத்தை எடுத்துக்கொண்டு பங்களாத் தூம்பை நோக்கி ஏறினார். பெரிய கங்காணி வழிமறித்து, "தொரை தண்ணியில கைய வைக்கிறியா? சீதை மடுவ விட ஒசந்த தண்ணி எதுடா?" என்று அதட்டினார். அவர் வீட்டுக்கும் தூம்புத் தண்ணீர்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்பா வெறுங்குடத்தோடு திரும்பி, மடுவில் மூழ்கி எழுந்தார். அவர் கொண்டுவந்த செம்பில் தோல் துணுக்குகள் சுழன்றதை நான் பார்த்தேன். முதல் வாயிலேயே அம்மா முகத்தைத் திருப்பி, "நாறுதுங்க" என்றாள். "சாமி தண்ணிய மறுக்கக் கூடாது தாயி" என்று அத்தை தலையைத் தாங்கிப் பிடிக்க, அப்பா புகட்டினார். அந்த வாரம் முடியுமுன் அம்மா போய்விட்டாள். அத்தை கெட்டவள் அல்ல, அம்மாவைத் தான் பெற்ற மகளைப்போல வைத்திருந்தவள்.

சில வருடங்களில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படர்ந்து, மலை மலையாகச் செடிகள் பட்டுப்போயின. துரை தலையில் கைவைத்து உட்கார்ந்தார்; லயத்தில் பிழைப்பு போயிற்றே என்று அழுதார்கள். அப்பா அழவில்லை. நோய் கண்ட கிளையொன்றை ஒடித்துவந்து அத்தையின் முன்னால் போட்டு, "இதுக்கும் தீர்த்தம் குடு" என்றார். அதன்பிறகு அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

கண்டி நகரில் கடை வைத்திருக்கும் நான் போன மாதம் அங்கே போயிருந்தேன். மலை முழுக்கத் தேயிலை. ஸ்டோரின் ஒரு சுவர் மட்டும் புல் மண்டி நிற்கிறது. ஆறு கூழாங்கல் தெரியத் தெளிந்து ஓடுகிறது. மடுக்கரையில் சின்னதாக ஒரு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். பூசாரி என்னை வெளியூர் ஆள் என்று நினைத்து, ராசா நகை ஒளித்ததையும் சீதை குளித்ததையும் விலாவாரியாகச் சொன்னார்.

"வேற யாரைப் பத்தியும் கதை இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"வேற யாரு இருக்காங்க? அவ்வளவுதாங்க" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டச் சொல்லித் தீர்த்தச் செம்பைச் சாய்த்தார்.